நாட்டுப் பேரிக்கு ஒரு சோதனை

கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பள்ளங்கியில் நாட்டுப் பேரிக்காய்க்கு மரியாதை கிடையாது. கடித்தால் பல் கூசும், மென்றால் நறநறக்கும், தொண்டை வரைக்கும் துவர்க்கும். ஆடி, ஆவணியில் காய் இறக்கும்போது பறிகூலியும் வண்டி வாடகையும் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது என்று பலர் மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். குரங்கும் காட்டுமாடும் தின்றது போக மீதி அழுகுகிறது. இந்தக் காய்க்கு வேறு வழி உண்டு என்று எனக்குத் தோன்றியது, நாலைந்து வகை ஒயினை ருசி பார்த்த பிறகுதான்.

என் மகள் பெங்களூரில் ஓட்டல் வேலையில் இருக்கிறாள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று தெரிந்திருப்பது அவள் தொழிலில் சேர்த்தி. “அப்பா, மடமடன்னு குடிக்காதீங்க. முதல்ல மோந்து பாருங்க. அப்புறம் கொஞ்சமா வாயில வச்சு, நாக்கு முழுக்கப் படுற மாதிரி உருட்டுங்க” என்பாள். அதுவரை நான் அறிந்த ஒயின், கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் கைமாறும் போர்ட்தான். கருஞ்சிவப்பு, திகட்டும் இனிப்பு, அடியில் சாராயக் காரம். வேறு சொல்ல அதில் ஒன்றுமில்லை.

நாசிக்கிலிருந்து வந்த சாவிஞோன் பிளாங்க் வெளிறிய நிறம். முதலில் மூக்குக்கு வந்தது கொய்யா வாசம், அடுத்தது குடைமிளகாய். பிரமை என்றே நினைத்தேன். குடைமிளகாய்க்கு வாசம் கொடுக்கும் அதே வேதிப்பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. புளிப்பு சுள்ளென்று இருந்தாலும் வறுத்த மீனோடு நன்றாகச் சேர்ந்தது. நந்திமலைப் பக்கத்து கபர்னே-ஷிராஸ் வேறு சாதி. மிளகும் ஓக் பீப்பாயின் மரவாசமும் வந்தன. விழுங்கியதும் பாக்கு மென்றதுபோல் வாய் வறண்டது. டானின் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் துவர்ப்பு இது. இந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் சிவப்பு ஒயின் சப்பென்று இருக்கும் என்றாள் மகள். நாம் குறை சொல்லும் துவர்ப்புக்கு அங்கே காசு கொடுக்கிறார்கள்!

ஒருமுறை அவளுடைய சினேகிதி இங்கிலாந்திலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்கவைத்தது. குளோஸ்டர்ஷயர், ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கம் நூற்றாண்டுகளாக நடக்கும் தொழில். அதற்கென்றே வளர்க்கும் பேரி பச்சையாகத் தின்ன லாயக்கில்லாதது. துவர்ப்பும் புளிப்பும் கூடுதலாக இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெல்லிய நுரை, நறுக்கிய பேரித் தோலின் வாசம், இனிப்பு போனபின் அடிநாக்கில் லேசான பிடிப்பு. நம் தோட்டத்தில் அழுகுவதன் சொந்தக்காரனை அந்தக் கிளாசில் பார்த்தேன்.

மலைக்கு மறுபக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்பார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். மலையில் சில வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு அதில் போட்ட ஒயினைச் சின்னக் கிளாசில் தருவார்கள். பட்டையும் கிராம்பும் போட்டு, சர்க்கரையையும் அள்ளிக் கொட்டியிருப்பார்கள். அதையெல்லாம் மீறி ரோஜா வாசம் எழும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் இது எங்கே போய் நிற்கும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஆனால் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அந்தச் சின்னக் கிளாசும் குற்றம். அரசின் கடையில் 42.8 சதவீத பிராந்தி தாராளமாகக் கிடைக்கிறது. 12 சதவீதப் பழ ஒயினைச் சிறு விவசாயி செய்து விற்க வழியில்லை.

இதைப் பேசினால் முதலில் எதிர்ப்பது என் வீட்டுக்காரிதான். “இருக்குற கடையே குடும்பத்தக் கெடுக்குது, இன்னும் ஒண்ணு வேணுமா?” அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. டாஸ்மாக் சில்லறை விற்பனையில் இறங்கிய 2003-க்குப் பிறகு கூலிப் பணம் எங்கே போகிறது என்பதை எங்கள் ஊர்ப் பெண்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதையும் மறக்கக்கூடாது. ஒயின் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அதுவும் மதுதான்.

ஆகவே நான் கேட்பது இன்னொரு கடை அல்ல. சொந்தத் தோட்டத்துப் பழம் மட்டும், வருஷத்துக்கு இத்தனை லிட்டர் என்ற வரம்பு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சான்று, சுற்றுலா வருபவர்களுக்கு ஒரே ஒரு குறித்த இடத்தில் விற்பனை, விளம்பரம் கூடாது. கொடைக்கானல் லேக் ரோட்டுச் சாக்லேட் கடைகளில் ‘ஹோம்மேட் ஒயின் கிடைக்குமா’ என்று காதோடு கேட்பவர்களுக்கு இன்று கணக்கில் வராத சரக்குதான் கிடைக்கும். இப்படி அனுமதிப்பது புதிதும் அல்ல. மேகாலயா 2020-ல் வீட்டுப் பழ ஒயினுக்கு உரிமம் கொடுக்க முடிவு செய்தது. பக்கத்துக் கேரளம் 2022-ல் சிறு ஒயின் ஆலைகளுக்கு விதி வகுத்தது.

சட்டத்துக்கு முன்னால் ஒரு சோதனை நடக்கட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. ஒரு பருவத்து நாட்டுப் பேரியையும் பிளம்ஸையும் விலை கொடுத்து வாங்கி, புளிக்கவைத்து, அளந்து, பத்துப் பேரை ருசி பார்க்கச் சொல்லட்டும். காயை நாங்கள் நிலையத்து வாசலிலேயே இறக்கித் தருகிறோம். தேறவில்லை என்றால் அதை எழுதிக் கொடுத்துவிடட்டும், இந்தப் பேச்சை நான் அத்தோடு விட்டுவிடுகிறேன். தேறினால், கிலோவுக்கு விவசாயி கையில் எவ்வளவு நிற்கும் என்ற கணக்கையும் சேர்த்துச் சட்டசபையில் வைக்கட்டும். என் வீட்டுக்காரியின் கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்லட்டும்.