முல்லை நிலத்துக் காதலும் வெள்ளித் திரையும்

ஆசிரியர் நால்வர் கூடினால் அங்கே எழும் முறைப்பாடுகளுள் ஒன்று, காதற் படங்கள் நம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்பது. முன்னர்ப் படம் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டும். இன்று கைத்தொலைபேசியே கொட்டகையாகிவிட்டது. கிளிநொச்சியில் ரியூசனுக்குப் போகும் மாணவனும் ஒட்டுசுட்டானில் வயலுக்குப் போகும் இளைஞனும் சென்னையில் எடுத்த தொடரை வந்த அன்றே பார்த்துவிடுகின்றனர். இதனைக் கண்டு அஞ்சுவோர் கட்சியில் நான் சேரேன். காதலையே பாடமாக வைத்த மொழி நம்முடையது. சங்கப் பாடல்களிற் பெரும்பகுதி அகப்பாட்டு என்று வகுப்பிற் பெருமையோடு சொல்லிவிட்டு, வகுப்புக்கு வெளியே காதல் என்றதும் முகஞ்சுளிப்பது முறையாகாது. என் குறை வேறு. இப்படங்களிலே நம் மண்ணின் காதலைக் காணவில்லை என்பதே அது.

அவற்றின் தகுதியை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பிரேம்குமார் இயக்கி 2018 இல் வெளிவந்த '96', பள்ளித் தோழர் இருவர் இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் சந்தித்து, ஓர் இரவு முழுதும் பேசிப் பிரியும் கதை. கண்ணியம் சிறிதும் குன்றாத படம் அது. நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழ் 2004 இல் தொடங்கிய காதற் பத்தியொன்றின் வழிவந்த தொடர், 2023 இல் 'மாடர்ன் லவ் சென்னை' என்ற பெயரில் தமிழுக்கும் வந்தது. பாரதிராஜா, பாலாஜி சக்திவேல், தியாகராஜன் குமாரராஜா முதலிய அறுவர் ஆறு கதைகளை இயக்கினர். பெண் தன் விருப்பத்தைத் தன் வாயாற் சொல்கிறாள். இல்லறம் முறிந்த பின்னும் வாழ்வு உண்டென்று இத்தொடர் காட்டுகிறது. இவை நல்ல மாற்றங்களே. ஆயினும் அங்கே காதலுக்குத் தடை பெரும்பாலும் மனத்துக்குள் இருக்கிறது: தயக்கம், சலிப்பு, பிறரிடம் சென்ற நாட்டம். பிரிந்தவர் எங்கோ உயிரோடிருக்கிறார். தேடினால் முகவரி கிடைக்கும். வன்னியில் நிலை அதுவன்று.

ஐந்திணை வகுத்த நம் முன்னோர் காடும் காடு சார்ந்த நிலமுமாகிய முல்லைக்கு இருத்தலை உரிப்பொருளாக்கினர். பிரிந்து சென்றவன் வருவான் என்று காத்திருத்தலே இருத்தல். முல்லைத்தீவு என்று ஊர்ப்பெயரிலேயே அந்தப் பூவைச் சூடிய நம் நிலத்தில், 2009 ஆம் ஆண்டுக்குப் பின் இருத்தல் என்பது இலக்கணச் சொல்லாக மட்டும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தைத் தொடங்கினர். அஃது ஆண்டுக்கணக்காக நீண்டது. அங்கே தாய்மார் இருந்தனர், மனைவியரும் இருந்தனர். இறப்புச் சான்றிதழ் பெற மனம் ஒவ்வாதவர்க்கு, ஒருவர் காணப்படாதிருக்கிறார் என்று மட்டும் சான்றளிக்க 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழிசெய்தது. அத்தகைய பெண்ணைச் சுமங்கலி என்பதா, கைம்பெண் என்பதா? சட்டம் ஒரு தாளைத் தந்தது. அவள் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் என்ன பெயர் என்பதைச் சட்டம் சொல்லாது. கலைதான் சொல்ல வேண்டும்.

சொல்ல முயன்றோர் இல்லாமலில்லை. மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' மாங்குளத்தில் நடக்கும் ஒரு திருமணத்தோடு தொடங்குகிறது. போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான 2002 பெப்ரவரியிலேயே அப்படமும் வெளிவந்தது. ஆனால், மாங்குளத்து மணமக்களின் காதல் சிறிது நேரத்தில் முடிய, கதை சென்னைக் குடும்பமொன்றின் கண்வழியே செல்கிறது. அசோக ஹந்தகம 2012 இல் எடுத்த 'இனி அவன்', யாழ்ப்பாணத்துக்கு மீண்ட முன்னாட் போராளி தன் பழைய காதலியோடு வாழ்வைத் தொடங்க முயல்வதைக் காட்டியது. 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' படத்தில், முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் சிறுமியும் குடும்பமென நடித்துப் பிரான்சுக்குத் தப்புகின்றனர்; நடிப்பிலிருந்து அன்பு முளைக்கிறது. ஒருவர் தமிழகத்தார், ஒருவர் சிங்களவர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். நம் வீட்டுக் கதையை அயலார் மூவர் சொல்ல நேர்ந்தது அவர்க்குப் பெருமை. நமக்கு?

நம்மிடம் வளம் இல்லையென்று சொல்ல முடியாது. சாதியை மீறிய காதலை 1977 இலேயே 'பொன்மணி' பேசியது. காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜ இயக்கினார். செங்கை ஆழியானின் நாவல் 1978 இல் 'வாடைக்காற்று' படமாயிற்று. வன்னிக்கென்றே அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' இருக்கிறது. 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்த அந்நாவலிலே தண்ணிமுறிப்புக் காடும் குளமும் மாந்தரோடு மாந்தராய் உயிர்பெற்று நிற்கின்றன. அதைப் படித்தவர், காதற்கதைக்கு மெரீனாக் கடற்கரை வேண்டுமென்று கருதமாட்டார்.

'பட்ட துன்பம் போதாதா? படத்திலும் அழ வேண்டுமா?' என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. நாள் முழுதும் உழைத்தவர் இரவில் ஒரு காதற்பாட்டைக் கேட்டு இளைப்பாறுவதை நான் குறை கூறேன். ஆனால், காத்திருப்பு வேறு, அழுகை வேறு. முல்லைப் பாட்டில் நற்சொல் உண்டு, மீண்டு வரும் தேரொலி உண்டு, நம்பிக்கை உண்டு. காத்திருப்பவள் சிரிக்கவும் செய்கிறாள். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். முற்றத்து மல்லிகைக்கு நீர் வார்க்கிறாள். அவளுக்கு நாற்பது வயதில் மீண்டும் ஒருவன்மேல் அன்பு பிறக்கவுங் கூடும். அப்போது ஊர் என்ன சொல்லும் என்பதை நாம் அறிவோம். காத்திருந்தால் 'பாவம்' என்கிறது. காத்திராவிட்டால் 'பார்த்தாயா' என்கிறது. இரண்டும் கொடிய சொற்களே. அவள் காத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடவும், மறந்துவிட வேண்டும் என்று புத்தி கூறவும் எவருக்கும் உரிமை இல்லை. இந்த ஒன்றை ஊர் உணரும்படி செய்யக் கூடிய படம், எத்தனை மேடைப் பேச்சினும் மேலானது.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பார்க்கும் படத்தைத் தடுக்க முயலாமல், அதனருகே ஒரு முல்லைப் பாட்டை வைத்துப் படிப்பியுங்கள். எதில் நம் ஊர் தெரிகிறது என்று கேளுங்கள். மாணவர்களே, படம் பார்க்கும் கருவியே இன்று படம் எடுக்கும் கருவியும் ஆகும். இலக்கிய வட்டங்கள் சிறுகதைக்குப் போட்டி வைப்பது போலத் திரைக்கதைக்கும் வைக்கட்டும். ஆனால் ஒன்றை மறவாதிருங்கள்: உயிரோடிருப்பவரின் துயரை அவர் மனமின்றிப் படம்பிடித்தல் அறமாகாது. அகப்பாட்டிலே தலைவன் தலைவியின் பெயரைச் சொல்லுதல் மரபன்று. ஒருத்தியின் அந்தரங்கத்தை அம்பலமேற்றாமல் எல்லோருடைய அன்பையும் சொல்ல அம்மரபு கற்றுத் தந்திருக்கிறது. அந்த அடக்கத்தோடு வன்னியின் காதல் திரையேறும் நாளில், பிள்ளைகள் கெடுவார்கள் என்று அஞ்சும் ஆசிரியரும் முன்வரிசையில் வந்து அமர்வார் என்பது என் நம்பிக்கை.