நிபந்தனையற்ற அன்பு (கண்டிஷன்ஸ் அப்ளை)

கிறிஸ்தவ நண்பர்களிடம் மதம் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்தாவது நிமிஷம் இந்த வார்த்தை வந்துவிடும்: நிபந்தனையற்ற அன்பு. கிரேக்கத்தில் அகாபே என்பார்கள். தகுதி பார்க்காத, பதிலுக்கு எதுவும் கேட்காத அன்பு. அருமையான விஷயம், மறுக்கவே இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இதை யார், யாருக்குக் கொடுக்கணும்?

ஏன் கேட்கிறேன்னா, எறையூர். உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கிற கிராமம். நம்ம கடலூர், சிதம்பரமெல்லாம் வருகிற அதே புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டம். வன்னியரும் கத்தோலிக்கர், தலித்துகளும் கத்தோலிக்கர். ஞானஸ்நானம் ஒண்ணு, நற்கருணை ஒண்ணு. ஆனா கல்லறை வேற. தலித் வீட்டுச் சாவு முக்கியத் தெரு வழியா போகக்கூடாது. பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கன்னு கேட்டாங்க. 2008 மார்ச்சில் கலவரம். தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் இரண்டு பேர் செத்தார்கள். அவர்களும் கத்தோலிக்கர்கள்தான்.

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும் பாருங்க: "பழசைக் கிளறாதீங்க, மன்னிக்கிறதுதானே கிறிஸ்தவம்?" யாரைப் பார்த்து சொல்றாங்க? அடி வாங்கினவனைப் பார்த்து! அதாவது கீழே இருக்கிறவன் நிபந்தனை இல்லாம அன்பு காட்டணும். மேலே இருக்கிறவன் தெரு, கல்லறைன்னு வரிசையா நிபந்தனை போடுவான். எங்க புரோகிராமர் பாஷையில் சொன்னால், 'இஃப்' மொத்தமும் ஒரே பக்கம்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை இதுக்கு நேர் எதிர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து குருவும் லேவியனும் ஒதுங்கிப் போகிறார்கள். தூக்கிக்கொண்டு போய் சத்திரத்தில் சேர்த்து, காசும் கொடுத்தவன், யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சாதியான். கதையில் குத்து வாங்குவது ஒதுங்கிப் போனவர்கள்தான். அடிபட்டவனைப் பார்த்து "பொறுத்துக்கோ" என்று யாரும் பிரசங்கம் பண்ணவில்லை.

"பாத்தீங்களா, அங்கயும் சாதி"ன்னு சந்தோஷப்படுகிற இந்து நண்பர்களே, கொஞ்சம் இருங்க. சிதம்பரம் நமக்குப் பக்கம்தானே? நாளைப் போவேன், நாளைப் போவேன்னு ஏங்கியே திருநாளைப்போவார்னு பேர் வாங்கினவர் நந்தனார். அவர் அன்பில் என்ன நிபந்தனை இருந்தது? பெரியபுராணப்படி அவர் தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்தது. அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். நெருப்பு எதுக்குன்னு கேட்பதில்லை. எறையூருக்குச் சொல்வதும் அதேதான்: நீ பொறுமையா இரு, உன்னைப் பாராட்டுறோம்.

எறையூர் நடந்து எட்டு வருஷம் கழித்து, 2016 டிசம்பரில், இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை அதில் ஒத்துக்கொண்டார்கள். நல்லது. ஆனா பேப்பரில் ஒத்துக்கொள்வது வேற, கல்லறைச் சுவரில் கை வைப்பது வேற.

தியாகம், அன்பு என்று பிரசங்கம் பண்ணுகிறவர்கள் முதலில் ஊருக்கு ஒரே கல்லறை, பிணம் போக ஒரே தெரு என்று செய்து காட்டட்டும். மன்னிப்பதா வேண்டாமா என்பதை அடி வாங்கினவன் முடிவு பண்ணிக்கொள்வான். அதைக் கேட்டு வாங்குகிற உரிமை மத்த யாருக்கும் கிடையாது.