முருங்கைப் பொடி: வெயிலில் காயலாமா?

கேள்வி: முருங்கைக்கீரையை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து, பொடியாக்கி விற்கிறது எங்கள் மகளிர் குழு. பொடி பச்சை நிறம் மாறிப் பழுப்பாகிவிடுவதால் வியாபாரி விலையைக் குறைக்கிறார். சத்தும் குறையுமா? ‘நோய் எதிர்ப்புச் சக்தி தரும்’ என்று பாக்கெட்டில் அச்சிடலாமா?
– வாசகி, அரவக்குறிச்சி

பதில்: நிறம் வெளுத்தால் சத்தும் குறைந்திருக்கிறது என்றே பொருள். முருங்கைக்கீரையில் நோய் எதிர்ப்புக்குத் துணை நிற்பவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, உடலில் வைட்டமின் ‘ஏ’ ஆக மாறும் பீட்டா கரோட்டின். கண்ணுக்கு மட்டுமல்ல, தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்சவ்வு கிருமிகளைத் தடுத்து நிற்கவும் இது தேவை. மற்றொன்று வைட்டமின் ‘சி’. 100 கிராம் பச்சை இலையில் இது 100 மில்லிகிராமுக்கு மேல் உண்டு.

பீட்டா கரோட்டினை நேரடி வெயில் அழிக்கும். நிழலில் உலர்த்தினால் கூடுதலாகத் தங்கும். வைட்டமின் ‘சி’ அப்படியல்ல. எப்படி உலர்த்தினாலும் பெரும்பகுதி போய்விடும். புரதம், சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து ஆகியவை வெயிலால் குறைவதில்லை.

உலர்த்தும் முறை:

* காலையில் பறித்த இலையை அன்றே நல்ல நீரில் அலசி, நீரை வடித்து, காம்பு நீக்க வேண்டும்.
* காற்றோட்டமான அறையில், வலை அல்லது சுத்தமான துணி மீது மெல்லியதாகப் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். மின்விசிறி இருந்தால் நல்லது.
* மூன்று, நான்கு நாளில் கையில் நொறுங்கும் பதம் வர வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சாணம் பிடிக்கும்.
* பொடியை வெளிச்சம் புகாத, காற்று நுழையாத பையில் அடைக்க வேண்டும். கண்ணாடிபோலத் தெரியும் பாக்கெட்டில் நிறமும் சத்தும் நாளுக்கு நாள் குறையும்.

நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று உணவுப் பாக்கெட்டில் அச்சிட உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி என்று போட்டாலும் அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். ‘நிழலில் உலர்த்திய முருங்கை இலைப் பொடி’ என்று உள்ளதை அச்சிட்டால் போதும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் அவசியம் இருக்க வேண்டும்.

விற்றது போக, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பச்சைக் கீரையே சிறந்தது. கீரையை அலசிய பிறகே ஆய்ந்து, சிறிது எண்ணெய் சேர்த்துக் குறைந்த நேரம் வதக்க வேண்டும். எண்ணெய் இருந்தால்தான் பீட்டா கரோட்டின் உடலில் நன்கு சேரும். அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால், சூட்டில் போன வைட்டமின் ‘சி’ ஓரளவு ஈடாகும். இரும்புச்சத்தும் உடலில் கூடுதலாகச் சேரும்.