சம்பளச் சிட்டையில் குறையும் எதிர்காலம்

மாத முடிவில் கிடைக்கும் சம்பளச் சிட்டையில் எம்மில் பெரும்பாலானோர் பார்ப்பது கடைசி வரியை மட்டும்தான். கையில் எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. கடைக் கடன், நுண்கடன் தவணை, பிள்ளைகளின் ரியூசன் என வரிசையாகச் செலவுகள் காத்திருக்கும்போது வேறு எதைப் பார்ப்பது? ஆனால், அந்தக் கடைசி வரிக்கு மேலே இருக்கும் வரிகளில்தான் ஓர் ஊழியரின் முதுமைக்காலம் தீர்மானிக்கப்படுகிறது.

முதலில் வருமான வரி. 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்ட முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதம். பின்னர் 18, 24, 30 எனக் கூடி 36 வீதம் வரை செல்கிறது. 200,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரிடம் 2023இல் இருந்த முறைப்படி மாதம் 10,500 ரூபா கழிக்கப்பட்டது. இப்போது கழிக்கப்பட வேண்டியது 3,000 ரூபா மட்டுமே. பிரதான தொழிலில் 150,000 ரூபாவுக்கு உட்பட்ட சம்பளம் பெறுபவரின் சிட்டையில் வருமான வரியாக ஏதாவது கழிக்கப்பட்டிருந்தால், கணக்குப் பிரிவிடம் உடனே விளக்கம் கேட்க வேண்டும்.

ஆனால், வடக்கு கிழக்கில் ஆடைத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்யும் பெரும்பாலானோர் இந்த வரி எல்லையை எட்டுவதேயில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது ஊழியர் சேமலாப நிதி என்ற வரியை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பாத்தியத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்பட வேண்டும். தொழில்தருநர் தனது பணத்திலிருந்து 12 வீதம் செலுத்த வேண்டும். இதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தைச் செலுத்துவதும் தொழில்தருநரே. இங்கே 'சம்பாத்தியம்' என்பது அடிப்படைச் சம்பளம் மாத்திரமல்ல. வாழ்க்கைச் செலவுப்படியும் அதையொத்த கொடுப்பனவுகளும், விடுமுறைக்கான கொடுப்பனவும், வழங்கப்படும் உணவின் பணப் பெறுமதியும் அதற்குள் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. 45,000 ரூபா சம்பளம் என்று பேசி வேலைக்கு எடுப்பார்கள். சிட்டையில் அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா என்றும், மீதி 15,000 ரூபா 'விசேட கொடுப்பனவு' என்றும் பிரிக்கப்பட்டிருக்கும். 30,000 ரூபா என்பது 2026 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள தேசிய ஆகக்குறைந்த சம்பளம். எனவே, மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சட்டப்படி நடப்பதாகத் தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். 45,000 ரூபாவுக்கு ஊழியர் 3,600, தொழில்தருநர் 5,400, நம்பிக்கை நிதி 1,350. 30,000 ரூபாவுக்கு இவை முறையே 2,400, 3,600, 900. ஊழியரின் கைக்கு 1,200 ரூபா கூடுதலாக வருகிறது. ஆனால், தொழில்தருநர் செலுத்தியிருக்க வேண்டிய 2,250 ரூபா செலுத்தப்படாமல் போகிறது. வருடத்துக்கு 27,000 ரூபா; பத்து வருடங்களில், வட்டியைச் சேர்க்காமலே 270,000 ரூபா.

பிரித்தானியாவிலுள்ள எமது உறவினர்கள் சிலர், சம்பளத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் திட்டமொன்றைப் பற்றிச் சொல்லக்கூடும். அங்கே விட்டுக்கொடுக்கப்படும் தொகை தொழில்தருநரால் ஊழியரின் ஓய்வூதியக் கணக்கில் இடப்படுகிறது. அவருடைய வரியும் குறைகிறது. இங்கேயும் ஊழியர் விட்டுக்கொடுக்கிறார். ஆனால், அது போய்ச் சேரும் இடம் அவருடைய கணக்கு அல்ல.

போரால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இந்த இழப்பு இரட்டிப்பானது. தெற்கிலுள்ள ஒருவர் இருபது வயதில் தொடங்கிய சேமிப்பை, வன்னியிலுள்ள ஒருவர் 2009க்குப் பிறகு முப்பது வயதிலேயே தொடங்கியிருப்பார். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் இந்த நிதியைப் பெறலாம். அப்படியானால், குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஒரு பெண்ணுக்குக் கிடைப்பது இருபது வருடச் சேமிப்பு மட்டுமே. வீடும் நகையும் போரோடு போய்விட்ட குடும்பத்துக்கு இதுதான் ஒரேயொரு சொத்து. பத்து வருட சேவையும் 300,000 ரூபா மீதியும் இருந்தால் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதத்தை முன்கூட்டியே பெற முடியும். பங்களிப்பு குறைந்தால் அந்த எல்லையை எட்டுவதும் தள்ளிப்போகும்.

அரசும் இந்த நிதியைப் பெரிதாகப் பாதுகாத்துவிடவில்லை. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது தனியார் வங்கிகளின் ரூபா திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் முறிகளே மாற்றப்பட்டன. மேலே அரசும் கீழே தொழில்தருநரும் ஒரே பணப்பையில் கைவைக்கும்போது ஊழியர் விழிப்பாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே, ஒவ்வொரு சிட்டையையும் பத்திரப்படுத்துங்கள். கழிக்கப்பட்ட 8 வீதம் எந்தத் தொகைக்குக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கான பங்களிப்பு அடுத்த மாத இறுதிக்குள் செலுத்தப்பட வேண்டும். தாமதித்தால் 5 முதல் 50 வீதம் வரை தொழில்தருநர் மீது மேலதிகக் கட்டணம் விதிக்கப்படும். நிதியை வைத்திருப்பது மத்திய வங்கி. ஆனால், செலுத்தாதவர் மீது நடவடிக்கை எடுப்பது தொழில் திணைக்களம். முறைப்பாட்டை அங்கேதான் கொடுக்க வேண்டும். தற்காலிக ஊழியர், நாட்கூலி, துண்டுவேலை என்ற காரணங்கள் செல்லாது.

தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. பத்துப் பேர் தங்கள் சிட்டைகளை ஒன்றாக வைத்துக் கேட்டால், அந்தப் பயத்தின் ஒரு பங்காவது முதலாளிக்கும் வரும்.