ஊசியால் மலர்ந்த பூக்கள்

கடையில் வாங்கிய சட்டையிற் பூ இருந்தால், அதைத் தைத்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. நம் அன்னையர் இளமையில் அணிந்த சட்டைகளைக் கண்டோர் முதலிற் கேட்ட கேள்வி அதுவே.

1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை முதலாக, யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியில் தையல்வேலைக்கும் இடமிருந்தது. காபன் தாளாற் படம் பதித்து, மரவளையத்தில் துணியை இறுக்கி, ஆறிழை நூலைப் பிரித்து, மெல்லிய இதழுக்கு இரண்டிழையும் தடித்த காம்புக்கு மூன்றிழையுமாகக் கோத்துத் தைத்தனர். சங்கிலித் தையலும் காம்புத் தையலும் ஆசிரியை கற்பித்தவை. எந்தப் பூ, எந்த நிறம் என்பது அவரவர் விருப்பம். சிக்கனமே சட்டமாயிருந்த பல இல்லங்களில், ஒரு பெண் தன் விருப்பத்தை வெளியிடக் கிடைத்த இடம் அந்த ஒரு சாண் துணியே.

1863இல் சுவிற்சர்லாந்தின் ஐசாக் குறோப்ளி, தையலியந்திர முறையைத் தழுவிப் பூத்தையல் இயந்திரமொன்றை அமைத்தார். இன்றைய இயந்திரங்கள் ஆயிரம் சட்டைகளில் ஒரே பூவைப் பிழையின்றிப் பதிக்கின்றன. அவற்றோடு நாம் போட்டியிட வேண்டியதில்லை. ஆயினும், தானே பூத்தைத்த சட்டை கிழிந்தால் அதை எறிய மனம் வருவதில்லை. கிழிசலின் மேல் இன்னோர் இலையைத் தைக்கவே கை நாடும்.

இக்கலையைப் பெண்பிள்ளைகளுக்கே உரியதென ஒதுக்கியது நம் சமுதாயம். அதனாலன்றோ தெறி அறுந்தால் ஆண்பிள்ளை தாயைத் தேடுகின்றான்! வரும் விடுமுறையில் மகளுக்கும் மகனுக்கும் ஊசியும் நூலும் கொடுத்துப் பார்ப்போம். முதற்பூ கோணலாகலாம், கோணினும் அது அவர்தம் பூ.