உறங்கத்தானே அறை?

ஹனூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மைசூர் சென்று, ஜி.ஆர்.எஸ். ஃபேன்டஸி பூங்காவில் பிள்ளைகளை ஒரு நாள் முழுதும் களிக்கவிட விரும்பும் குடும்பத்தார், தங்குமிடத்தைப் பற்றியே பெரிதும் தயங்குகின்றனர். எளிய லாட்ஜே போதும் என்பது எமது கருத்து. பகலெல்லாம் நீரில் ஆடிய பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கே உறங்கிவிடுவர். ஓட்டலின் நீச்சல்குளத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

தூய விரிப்பு, சுடுநீர், உறுதியான தாழ்ப்பாள் ஆகியவற்றில் மட்டும் விட்டுக்கொடுத்தலாகாது. அறையைப் பார்த்த பின்னரே முன்பணம் தருக. ஈரத்துணி உலர்த்தக் கொடி உண்டா என்றும் கேட்டறிக. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. 1,500 ரூபாய் அறைக்கு வரி 180 அன்று, 75 ரூபாயே. ரசீதைச் சரிபார்த்தல் நன்று. தசராக் காலத்தில் வாடகை ஏறிவிடும் என்பதையும் நினைவிற்கொள்க.

ஊராரிடம் சொல்லிக்கொள்ளப் பெரிய ஓட்டலின் பெயர் வேண்டும் என்பதற்காகக் கடன் அட்டையை நீட்டிவிட்டு, அத்தவணையைப் பள்ளிக் கட்டணத்தோடு சேர்த்துச் சுமப்போரை நாம் கண்டிருக்கிறோம். மாதம் 500 ரூபாயைத் தொடர்வைப்பில் இட்டு வந்தால், ஓராண்டில் 6,000 ரூபாயும் வட்டியும் கையிலிருக்கும். லாட்ஜ் வாடகையும் பேருந்துக் கட்டணமும் அதற்குள் அடங்கும்.