வேட்டைக்காரர் பணத்தில் வாழும் பறவைகள்

குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநில நெல்வயல்களுக்குக் காட்டு வாத்து வேட்டையாடத் திட்டமிடும் ஒருவரின் செலவுக் கணக்கைப் பார்ப்போம். மாநில உரிமக் கட்டணம், 16 வயது நிரம்பிய வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய 25 டாலர் 'வாத்து முத்திரை', பெரிய குழல் கொண்ட ரவைத் துப்பாக்கி, தோட்டாக்கள். துப்பாக்கி, தோட்டா விலையில், உற்பத்தியாளர் செலுத்தும் 11 சதவீத வரியும் அடக்கம். ஒரு பறவை விழுவதற்கு முன்பே, பறவைகளின் பாதுகாப்புக்கு அவர் பணம் செலுத்திவிடுகிறார்.

வேட்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஆனால், பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டை எளிதில் புறந்தள்ள முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டில் நகரச் சந்தைகளுக்காக வேட்டையாடியவர்கள், படகில் பொருத்திய ராட்சதத் துப்பாக்கிகளால் ஒரே வெடியில் பல பத்துப் பறவைகளை வீழ்த்தினர். எவருக்கும் உரிமையில்லாத வளத்தில், இன்று விட்டுவைப்பவருக்கே நட்டம். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் இந்த வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பின்னர் துப்பாக்கிக்கும் வரம்பு வந்தது. 'கேஜ்' அளவில் எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 10 கேஜை விடப் பெரிய துப்பாக்கிக்கு இன்று அனுமதியில்லை. பறவைகள் ஈய ரவைகளை விழுங்கி நஞ்சேறி மடிந்ததால், 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயமும் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. மாற்றாக வந்த எஃகு ரவை எடை குறைந்தது. அதன் வேகம் விரைவில் தணியும். எனவே பெரிய ரவையும் பெரிய தோட்டாவும் தேவைப்பட்டன. பெருங்குழல் துப்பாக்கிகளின் மீதான இன்றைய மோகத்துக்குச் சூழலியல் சட்டமும் ஒரு காரணம் என்பது விந்தைதான்.

தடை மட்டும் போதவில்லை. சதுப்புநிலங்கள் வற்றடிக்கப்பட்டு வயல்களாகிக்கொண்டிருந்தன. 1934இல் ஒரு டாலர் விலையில் வாத்து முத்திரை அறிமுகமானது. அதன் வருவாயில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் வாழிடப் பாதுகாப்புக்குச் செல்கிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டுள்ளது. 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி வரியை மாநிலங்களின் வன உயிர்ப் பணிக்கு ஒதுக்கியது. உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அந்த நிதி கிடையாது. பயனாளியே விலை தருகிறார். அரசியல்வாதி அதில் கைவைக்க முடியாது. நல்ல வரிக்கு இதைவிட வேறென்ன இலக்கணம் வேண்டும்?

ஆயினும் இதன் குறை அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது. 1970 முதல் வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டதாக 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு கூறியது. புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்தன. வாத்தினங்களோ 56 சதவீதம் பெருகின. அறுவடை வயல்களில் சிதறிய தானியமும் காட்டு வாத்துகளைப் பெருக்கியது உண்மை. எனினும், துப்பாக்கி குறிவைக்கும் பறவைக்குப் புரவலர் உண்டு, புல்லில் பாடும் சிட்டுக்கு இல்லை என்ற படிப்பினையை மறுப்பதற்கில்லை.

இப்போது அந்தப் புரவலர்களும் குறைகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 24 லட்சம் வரை விற்ற முத்திரை, அண்மை ஆண்டுகளில் சுமார் 15 லட்சம்தான் விற்கிறது. இடையில் மக்கள்தொகை 20 கோடியிலிருந்து 33 கோடியைத் தாண்டிவிட்டது. வேட்டையாடாதவர்கள் தற்காப்புக்கு வாங்கும் கைத்துப்பாக்கிகளின் வரியும் பிட்மன்-ராபர்ட்சன் நிதிக்கு இன்று ஒரு முக்கிய ஊன்றுகோல். குருவியின் எதிர்காலம் மனிதர்களின் அச்சத்தை நம்பியிருப்பது ஆரோக்கியமான நிதிக்கொள்கை ஆகாது.

இதற்கு மாற்றாக, வன உயிர்ப் பாதுகாப்புக்குப் பொதுக் கருவூலத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 140 கோடி டாலர் வழங்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் அவை 2022 ஜூன் மாதம் நிறைவேற்றியது. நிதிக்கான வழி குறித்த இழுபறியில், செனட் அவையில் அது இறுதி வாக்கெடுப்பை எட்டவில்லை.

வேட்டையை வெறுப்பவர்கள் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். வேட்டைக்காரர் விலகினால் துப்பாக்கி ஓசை அடங்கும். கூடவே சதுப்புநிலத்தைக் காத்த பணமும் நின்றுபோகும். சுடுபவர் இதுவரை கட்டிய விலையைக் கண்டு ரசிப்பவரும் பகிர்ந்துகொள்ளாவிட்டால், அந்தச் சதுப்புநிலத்தை உழவும் கட்டடமும் விலைபேசும்.